மருந்து போட்டும் போகாத தெள்ளும் உண்ணியும்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

"மருந்து போட்டாச்சு, ஆனா கேட்கவே இல்லை." நாய் வளர்க்கிறவர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் புகார் இதுதான். கேட்டதும் வேறு மருந்தின் பெயரை நான் சொல்வதில்லை. என்ன மருந்து, எந்தத் தேதியில் போட்டீர்கள், நாயின் எடை என்ன என்று கேட்பேன். பெரும்பாலும் கோளாறு இந்த மூன்றில் ஒன்றில் இருக்கும். இல்லையென்றால் வீட்டுக்குள் இருக்கும். மருந்தே தோற்றுப்போயிருக்கும் என்பது கடைசியாகப் பட வேண்டிய சந்தேகம். ஆனால் பலர் அங்கேதான் தொடங்குகிறார்கள்: ஒரு மருந்தின் மேல் இன்னொரு மருந்து, அதற்கு மேல் ஒரு கழுத்துப்பட்டை. பூச்சி அப்படியே இருக்கும், நாய்க்குத்தான் ஆபத்து.

உங்கள் நாய்க்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போகலாம். நாய் நடுங்கினாலோ, சாப்பிடாமல் சோர்ந்து படுத்திருந்தாலோ கடைசி இரண்டு தலைப்புகளை முதலில் படியுங்கள்.

## முதலில், இருப்பது தெள்ளா உண்ணியா?

இரண்டுக்கும் ஒரே மருந்து என்று நினைத்து வாங்கியதுதான் பாதிப் பேருடைய பிரச்சினை. முடிக்குள் சரசரவென்று ஓடி, பிடிக்கப் போனால் குதிப்பது தெள்ளு. ஒரே இடத்தில் தோலைக் கவ்விக்கொண்டு அசையாமல் இருப்பது உண்ணி. ரத்தம் குடித்து உப்பிய உண்ணி சாம்பல் நிறத்தில் சிறு கொட்டை மாதிரி இருக்கும்.

கையில் ஏதோ தட்டுப்பட்டதும் பிடுங்கிவிடாதீர்கள். டார்ச் அடித்துக் கால்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். வயிற்றின் இரு பக்கமும் வரிசையாக இருப்பவை காம்புகள். ஆண் நாய்க்கும் காம்பு உண்டு. உண்ணி என்று நினைத்து அதை இழுத்துப் புண்ணாக்கி அழைத்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது மருந்தின் அட்டையை எடுங்கள். இமிடாகுளோபிரிட் மட்டும் உள்ள சொட்டு மருந்து தெள்ளைக் கொல்லும், உண்ணியைக் கொல்லாது. ஸ்பினோசாட், நைட்டன்பைராம் மாத்திரைகளும் தெள்ளுக்கு மட்டும்தான். ஃபிப்ரோனில் இரண்டுக்கும் ஆகும். ஃப்ளூராலனர், அஃபோக்சோலனர், சரோலனர், லோட்டிலனர் என்று 'லனர்' என முடியும் மாத்திரைகளும் இரண்டுக்கும் ஆகும். பிரேவெக்டோ, நெக்ஸ்கார்ட், சிம்பாரிகா, கிரெடிலியோ என்ற பெயர்களில் வருபவை இவைதான். உண்ணிக்குத் தெள்ளு மருந்து போட்டிருந்தால் மீதியைப் படிக்க வேண்டியதில்லை. சரியான மருந்தை மருத்துவரிடம் கேட்டு வாங்கினால் போதும்.

## மருந்து போட்டுச் சில நாளிலேயே மறுபடி தெள்ளு

### சொட்டு மருந்து போட்டிருந்தால்

போட்ட இடத்தைத் தொட்டுப் பாருங்கள். முடியெல்லாம் பிசுபிசுத்து ஒட்டிக் காய்ந்திருந்தால் மருந்து தோலுக்குப் போகவில்லை என்று அர்த்தம். முடியை வகிடு எடுத்துப் பிரித்து, தோல் தெளிவாகத் தெரிந்த பிறகு குழாயின் முனையைத் தோலின் மேல் வைத்து அழுத்த வேண்டும். இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவில் போட்டால் நாக்கு எட்டாது. நாய் பெரியதாக இருந்தால் முதுகு நெடுக இரண்டு மூன்று இடங்களில் பிரித்துப் போடச் சொல்லியிருப்பார்கள். அட்டையில் உள்ளபடி செய்யுங்கள்.

அடுத்து குளியல். பல சொட்டு மருந்துகள் தோலின் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்துதான் உடம்பு முழுக்கப் பரவுகின்றன. 'சுத்தமாகக் குளிப்பாட்டிவிட்டு மருந்து போடலாம்' என்று ஷாம்பூ போட்ட அன்றே மருந்தையும் போட்டால், பரவுவதற்கு அந்தப் பசையே இருக்காது. போடுவதற்கு முன் 48 மணி நேரமும், போட்ட பின் 48 மணி நேரமும் குளியல் வேண்டாம். அதற்குப் பிறகும் வாரா வாரம் கடுமையான ஷாம்பூ போட்டால் மருந்து மாதக் கடைசி வரை தாங்காது. அடிக்கடி தண்ணீரில் இறங்கும் நாய்க்கு மாத்திரைதான் தோது.

### மாத்திரை கொடுத்திருந்தால்

எடையை மறுபடி பாருங்கள். கண்ணால் பார்த்துச் சொல்லும் எடை அநேகமாகத் தப்பாகத்தான் இருக்கும். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நில்லுங்கள், பிறகு நீங்கள் மட்டும் நின்று கழித்துக்கொள்ளுங்கள். வளரும் நாய்க்குப் போன தடவை வாங்கிய அளவு இந்தத் தடவை பொருந்தாமல் போகலாம். பெரிய நாய்க்கான மாத்திரையை உடைத்து இரண்டு சின்ன நாய்களுக்குப் பங்கிடுவது சிக்கனமாகத் தெரியும். ஆனால் உடைத்த துண்டுகளில் மருந்து சமமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒன்றுக்குக் குறையும், மற்றதற்குக் கூடும்.

ஃப்ளூராலனரையும் லோட்டிலனரையும் சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் கொடுத்தால் உடம்பில் சேர்வது குறைந்துவிடும். கொடுத்த கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்ததா, வாயில் அடக்கி வைத்திருந்து மூலையில் போய்த் துப்பியதா என்றும் யோசித்துப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் இன்னொன்றை நீங்களாகவே கொடுக்காமல் மருத்துவரைக் கேளுங்கள்.

### ஷாம்பூ, பவுடர் மட்டும் என்றால்

அது அன்றைக்கு உடம்பில் இருந்த தெள்ளுகளைக் கொல்லும், அவ்வளவுதான். குளிப்பாட்டிக் காய்ந்த பிறகு நாயின் மேல் மருந்து அதிகம் மிஞ்சுவதில்லை. மறுநாளே புதுத் தெள்ளு ஏறும்.

### எல்லாம் சரியாகச் செய்தும் வருகிறது

இதுதான் அதிகம் நடப்பது, அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். நாயின் மேல் கண்ணுக்குத் தெரியும் தெள்ளுகள் மொத்தத்தில் ஏறத்தாழ 5 சதவீதம். மீதி 95 சதவீதம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக வீட்டில் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டை வரை இடும். அவை நாயின் மேல் ஒட்டி நிற்காமல் அது படுக்கிற, நடக்கிற இடமெல்லாம் உப்புத்தூள் போல உதிர்ந்துவிடும். கூட்டுப்புழுவின் உறைக்குள் எந்த ஸ்ப்ரேயும் சரியாகப் போவதில்லை. அதிர்வும் உடல் சூடும் பட்டதும் உள்ளே இருக்கும் தெள்ளு வெளியே வரும். அது வரை மாதக்கணக்கில் காத்திருக்கும். மருந்து போட்ட பிறகும் இரண்டு மூன்று மாதம் வரை புதுத் தெள்ளு தெரிவது இதனால்தான்.

மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. தெள்ளுச் சீப்பால் வால் அடியிலிருந்து கழுத்து வரை வாருங்கள். சீப்பில் வந்தவை சின்னதாகக் கருத்து, மந்தமாக நகர்ந்தால், கூட்டிலிருந்து இப்போதுதான் ஏறியவை, சாகப் போகின்றன. மருந்து நன்றாகவே இருக்கிறது. பெரிதாகச் செம்பழுப்பு நிறத்தில் துள்ளிக் குதித்தால், கூடவே கருப்புத் துகள்களும் நிறைய வந்தால், அவை நாயின் மேல் குடும்பம் நடத்துகின்றன. மேலே சொன்ன எடை, குளியல், தேதி எல்லாவற்றையும் திரும்பச் சரிபாருங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதைச் செலவு குறைவானதிலிருந்து சொல்கிறேன். நாய் படுக்கும் விரிப்புகளை வாரம் ஒரு முறை, துணி தாங்கினால் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். சோபா மெத்தைகளின் இடுக்கு, கட்டிலின் அடி, கம்பளம், சுவரோரம் எல்லாம் வாக்குவம் போடுங்கள். அந்த அதிர்வே கூட்டில் இருப்பதை வெளியே இழுக்கும். தூசியை உடனே பையில் கட்டி வெளியே போடுங்கள். எந்த அறையில் அதிகம் என்று தெரிய, வெள்ளைக் காலுறை மாட்டிக்கொண்டு மெதுவாக நடந்து பாருங்கள். கணுக்காலில் கருப்புப் புள்ளியாக வந்து ஒட்டும்.

வீட்டில் இருக்கும் மற்ற நாய், பூனை எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் மருந்து வேண்டும். பூனைக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் அதன் மேல் தெள்ளு வளர்ந்துகொண்டிருக்கும். ஆனால் நாய் மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. பெர்மெத்ரின் உள்ளது பூனையின் உயிரைப் பறிக்கும். நாய்க்கு அதைப் போட்டிருந்தால், மருந்து காயும் வரையாவது இரண்டையும் தனித்தனி அறையில் வையுங்கள்.

இதற்கும் அடங்கவில்லையென்றால் மெத்தோபிரீன் அல்லது பைரிப்ராக்சிஃபென் கலந்த வீட்டு ஸ்ப்ரே. முட்டையும் புழுவும் வளராமல் இவை தடுக்கும். எல்லா விலங்குகளுக்கும் மூன்று மாதம் விடாமல் மருந்து கொடுத்து, வீட்டையும் பார்த்த பிறகும் குறையாவிட்டால் பூச்சி ஒழிப்பவர்களைக் கூப்பிடுங்கள். நாய்க்கு மருந்து போடாமல் அவர்களை மட்டும் கூப்பிட்டால் அந்தக் காசு வீண்.

## மாத்திரை கொடுத்தும் உண்ணி ஒட்டியிருக்கிறது

கொடுத்து எவ்வளவு நேரம் ஆகிறது? மாத்திரைகள் உண்ணியை விரட்டுவதில்லை. உண்ணி கடித்து, ரத்தத்தோடு மருந்து உள்ளே போன பிறகுதான் சாகும். அதற்கு ஒன்றிரண்டு நாள் ஆகலாம். ஆகவே உண்ணி ஒட்டியிருப்பதை மட்டும் வைத்து மருந்தைக் குறை சொல்ல முடியாது. அதன் நிலையைப் பாருங்கள். தட்டையாக, காய்ந்து, கால் மடங்கி இருந்தால் செத்துவிட்டது. நன்றாக உப்பிச் சாம்பல் நிறமாகியிருந்தால் பல நாளாக நிம்மதியாக ரத்தம் குடித்திருக்கிறது. மருந்து போய்ச் சேரவில்லை, அல்லது அதன் காலம் முடிந்துவிட்டது.

தேதியைப் பாருங்கள். சில மாத்திரைகள் ஒரு மாதத்துக்கு, ஃப்ளூராலனர் சுமார் 12 வாரத்துக்கு. சில வகை உண்ணிகளுக்கு எதிராக அதுவும் 8 வாரம்தான் தாங்கும். கழுத்துப்பட்டை என்றால் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மட்டும் தளர்வாக, தோலில் பட வேண்டும். அடர்ந்த முடியின் மேல் மாலை மாதிரி தொங்கினால் பயனில்லை.

ஒட்டியிருப்பதை எடுக்க முனை கூரான ட்வீசர் போதும். உண்ணியின் வயிற்றைப் பிடிக்காதீர்கள். தோலை ஒட்டி, அதன் வாய்ப் பக்கத்தைப் பிடித்து, முறுக்காமல் வெட்டி இழுக்காமல் ஒரே சீராக மேலே தூக்குங்கள். தோல் கொஞ்சம் கூடாரம் போல எழும்பும், அப்படியே பொறுத்திருந்தால் உண்ணி பிடியை விடும். மண்ணெண்ணெய், எண்ணெய், நெருப்புக்குச்சி எதுவும் வேண்டாம். அவை உண்ணியை எரிச்சலூட்டும், வயிற்றில் இருப்பதைக் கடிவாய்க்குள் கக்க வைக்கும், நாயின் தோலும் புண்ணாகும். எடுத்ததை விரலால் நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடுங்கள். காது மடிப்பு, விரல் இடுக்கு, அக்குள், கழுத்துப்பட்டையின் அடி, வாலின் கீழ், கண் இமை ஓரம் எல்லாம் தேட வேண்டும். விரல் இடுக்கில்தான் அதிகம் தப்பும்.

எடுத்த இடத்தில் பட்டாணி அளவு கட்டி சில நாள் இருப்பது சகஜம். வாய்ப்பகுதி உள்ளே மாட்டிக்கொண்டால் தோண்டாதீர்கள், தானே வெளியே தள்ளப்படும். கட்டி பெரிதானாலோ சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

## சுவரில், கதவு ஓரத்தில் உண்ணி ஏறுகிறது

இது தோட்டத்துப் பிரச்சினை என்று எண்ணிப் புல்லை வெட்டிக்கொண்டிருக்காதீர்கள். பழுப்பு நிற நாய் உண்ணி வீட்டுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக வாழக் கூடியது. வளர்ச்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் நாயின் மேல் ஏறி ரத்தம் குடித்து, கீழே இறங்கி, சுவர் விரிசல், ஸ்விட்ச் பெட்டி, நிலைக்கதவு இடுக்கு, படத்தின் பின்புறம் என்று ஒளிந்துகொள்ளும். ஒரு பெண் உண்ணி அந்த இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். சாப்பாடே இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

ஆகவே நாய்க்கு ஒரு நாள் கூடத் தவறாமல் மருந்து ஓட வேண்டும். அதுதான் மிக மலிவான சுவர் மருந்தும் கூட: ஏறுகிற ஒவ்வொரு உண்ணியும் நாயின் மேல் செத்தால் வீட்டில் இருப்பு தானே குறையும். கூடவே விரிசல்களைப் பூசி அடையுங்கள். வீட்டுக்குள் ஸ்ப்ரே அடிப்பதென்றால் நடுத்தரையில் அடித்து லாபமில்லை, இடுக்குகளில்தான் அடிக்க வேண்டும். பைரெத்ராய்டு வகை (பெர்மெத்ரின் போன்றவை) ஸ்ப்ரே மீனுக்கும் பூனைக்கும் விஷம். மீன் தொட்டியை மூடி, காற்றுப் பம்பை நிறுத்தி, காயும் வரை எல்லா விலங்குகளையும் வெளியே வையுங்கள். மின் பெட்டிக்குள் நீங்களாக எதையும் அடிக்காதீர்கள்.

பழுப்பு நாய் உண்ணி பெர்மெத்ரினுக்கும் ஃபிப்ரோனிலுக்கும் பழகிப்போன இடங்கள் பதிவாகியிருக்கின்றன. அளவும் தேதியும் முறையும் சரியாக இருந்தும் உப்பிய உண்ணி தொடர்ந்து வந்தால், அப்போதுதான் மருந்து வகையை மாற்றும் பேச்சு. அதை மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். பழைய மருந்தின் காலம் முடியுமுன் புதியதைச் சேர்க்கலாமா என்பதும் அவர் சொல்ல வேண்டியது.

## பூச்சி எதுவும் தெரியவில்லை, ஆனால் சொறிந்துகொண்டே இருக்கிறது

எங்கே சொறிகிறது என்று கவனியுங்கள்.

வால் அடி, பின் தொடை, முதுகின் கீழ்ப்பகுதி என்றால் முதல் சந்தேகம் தெள்ளுதான், கண்ணில் படாவிட்டாலும். வெள்ளைக் காகிதத்தை நனைத்து விரித்து, அதன் மேல் அந்த இடத்து முடியைக் கோதிவிடுங்கள். விழும் கருப்புத் துகளை ஒரு நிமிடம் விட்டுத் தேயுங்கள். சுற்றிலும் செம்பழுப்புச் சாயம் பரவினால் அது தெள்ளின் கழிவு, செரித்த ரத்தம். பரவாமல் கருப்பாகவே இருந்தால் வெறும் மண். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய் ஓரிரு கடிக்கே தோல் உரியும்படி கடித்துக்கொள்ளும். கடிக்கும் அவசரத்தில் தெள்ளையே விழுங்கிவிடுவதால் தேடினாலும் கிடைக்காது. ஆசனவாய் ஓரத்தில் அரிசி போன்ற துண்டுகள் தெரிந்தால் அது நாடாப்புழு. தெள்ளை விழுங்கியதால் வந்தது. புழு மருந்தும் வேண்டும், தெள்ளு மருந்தும் வேண்டும்.

காது ஓரமும் முழங்கையும் என்றால் சொறிப்பூச்சியாக இருக்கலாம். காது மடலின் ஓரத்தை இரு விரலால் தேய்த்துப் பாருங்கள். பின்னங்கால் உடனே சொறிவது போல ஆடினால் சந்தேகம் வலுக்கும். வீட்டில் மனிதர்களுக்கும் அரிப்பு என்றால் இன்னும் வலுக்கும். இதற்குத் தோல் சுரண்டிப் பரிசோதனை வேண்டும்.

பாதத்தை நக்குவது, முகம் தேய்ப்பது, காதில் அடிக்கடி தொற்று என்றால் உணவு அல்லது சூழல் ஒவ்வாமை பக்கம் போகிறது. தெள்ளு மருந்தை மாற்றி மாற்றிப் போட்டு அது தீராது. தெள்ளு போன பிறகும் ஒவ்வாமை அரிப்பு இரண்டு மூன்று வாரம் நீடிக்கும். அதற்குள் தோல் ஈரமாகி நாற்றம் வந்தாலோ, தூங்க விடாமல் அரித்தாலோ காத்திருக்க வேண்டாம். அரிப்பை அடக்கும் மருந்து மருத்துவரிடம் இருக்கிறது.

## குட்டியின் மேல் மொய்க்கிறது

பிறந்து 8 வாரம் ஆகாத குட்டிக்குப் பெரும்பாலான மருந்துகள் கூடாது. வெதுவெதுப்பான நீர், மிதமான பாத்திரச் சோப்பு, தெள்ளுச் சீப்பு: தினமும் வாரி, வருவதைச் சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். உடனே துடைத்துக் கதகதப்பாக வையுங்கள், குட்டி குளிர்ந்துபோகக் கூடாது. தாயையும் படுக்கையையும் சேர்த்துப் பாருங்கள். பாலூட்டும் தாய்க்கு எது பாதுகாப்பு என்று கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

ஈறைப் பாருங்கள். ரோஜா நிறம் போய் வெளுத்திருந்தால், குட்டி பால் குடிக்கத் தெம்பில்லாமல் கிடந்தால், ரத்தம் குறைந்துவிட்டது. அன்றே மருத்துவமனை. தெள்ளுக் கடியால் குட்டிகள் செத்துப்போவது உண்மையிலேயே நடக்கிறது.

## மருந்துக்குப் பிறகு நடுக்கம், எச்சில், தள்ளாட்டம்

சொட்டு மருந்தை நக்கியதும் கொஞ்சம் எச்சில் ஒழுகி நின்றுவிட்டால் அதன் கசப்புதான் காரணம். மாத்திரைக்குப் பிறகு ஒரு தடவை வாந்தி எடுப்பதும் உண்டு. இவற்றைத் தாண்டி நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு, அசாதாரணத் தூக்கம் என்றால் உடனே கிளம்புங்கள். 'லனர்' வகை மாத்திரைகள் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் தரலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது. பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் முன்பு வலிப்பு வந்த நாய் என்றால் மாத்திரை வாங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

அமிட்ராஸ் என்ற உண்ணி மருந்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றியிருந்தால் சோர்வு, மெதுவான இதயத் துடிப்பு, வாந்தி வரும். மாட்டுக்குச் சொன்ன அளவில் நாய்க்குக் கலப்பது இதற்கு முக்கியக் காரணம். கோலி (Collie) என்ற மேய்ப்பு நாய் இனத்துக்கும் அதன் கலப்புகளுக்கும், மாட்டுக்கு ஊசியாகப் போடும் ஐவர்மெக்டின் மூளையைப் பாதிக்கலாம். எந்த இனமானாலும் மாட்டு ஊசியை நாய்க்குப் போடாதீர்கள். பூண்டு கொடுப்பதும், டீ ட்ரீ எண்ணெய் தடவுவதும் 'இயற்கை' என்ற பெயரில் நடக்கும் விஷம்.

மேலே பூசிய மருந்து என்றால் கிளம்புமுன் வெதுவெதுப்பான நீரில் பாத்திரச் சோப்பு போட்டுக் கழுவலாம். வலிப்பு வந்துகொண்டிருந்தால் அதுவும் வேண்டாம், நேராக மருத்துவமனை. மருந்தின் அட்டையைக் கையில் எடுத்துப் போங்கள். நீங்களாக வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

## சாப்பிடவில்லை, சோர்வு, காய்ச்சல்

உண்ணி இருந்த நாய், எல்லா உண்ணியும் போய் ஒன்று முதல் மூன்று வாரம் கழித்துக்கூட இப்படிப் படுக்கலாம். எர்லிக்கியா, பபீசியா போன்ற உண்ணிக் காய்ச்சலின் தொடக்கம் இப்படித்தான் இருக்கும். நாயின் சாதாரண உடல் சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். மூக்கைத் தொட்டுப் பார்ப்பது கணக்கில்லை, ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 103-ஐத் தாண்டினால், அல்லது ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் அழைத்துப் போங்கள்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள்: வெளுத்த அல்லது மஞ்சள் பாய்ந்த ஈறு, மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், காபி நிறச் சிறுநீர், பின்னங்கால் துவளுதல். துவண்ட காலோடு உடம்பில் உண்ணியும் இருந்தால் அதை எடுத்துக் கையோடு கொண்டு போங்கள். சில உண்ணிகளின் எச்சிலே பக்கவாதம் தரும்.

பாராசிட்டமாலோ ஐபுபுரோஃபெனோ கொடுத்துப் பார்க்காதீர்கள், நாய்க்கு அவை விஷம். மீந்துபோன டாக்சிசைக்ளின் (ஒரு ஆன்டிபயாடிக்) இருக்கிறதே என்று அதையும் தொடங்க வேண்டாம். எர்லிக்கியாவுக்கு அது கேட்கும், பபீசியாவுக்குப் போதாது. ரத்தம் எடுத்து பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) எண்ணிக்கையும், ஸ்மியரும் (கண்ணாடியில் ரத்தம் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) பார்த்தால்தான் எது என்று தெரியும். ஸ்மியரில் கிருமி தெரியாவிட்டாலும் நோய் இருக்கலாம், அப்போது கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை கேட்பார்கள். டாக்சிசைக்ளின் பொதுவாக 28 நாள் தருவார்கள். மூன்றாம் நாளே நாய் எழுந்து வாலாட்டும், பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். முழுவதையும் சாப்பாட்டோடு கொடுத்து, தண்ணீர் குடிக்க வைத்து, முடிந்ததும் பிளேட்லெட்டை மறுபடி எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். உண்ணி மருந்தை இந்த 28 நாளிலும் நிறுத்தக் கூடாது. ஒரு முறை வந்த காய்ச்சல் அடுத்த உண்ணிக் கடியில் மறுபடி வரலாம்.